பழைய செஸ்னா 172 வாங்கப் போகிறவர்களுக்கு: திரைக்கு முன் காம்ஷாஃப்ட்

பழைய செஸ்னா 172 (நாலு இருக்கையுள்ள சிறு விமானம்) விற்பனைக்கு என்று எந்த விளம்பரத்தைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது மினுங்கும் டிஜிட்டல் திரைகள்தான். அடுத்து புதுப் பெயிண்ட், அதற்கடுத்து தோல் இருக்கைகள். இருபது படம் தள்ளினாலும் இன்ஜினுக்குள் கிடந்து வால்வுகளைத் திறக்கும் தண்டான காம்ஷாஃப்ட் வராது. ஒரு சிலிண்டரையாவது கழற்றாமல் அதைச் சரியாகப் பார்க்கவே முடியாது. ஆனால் வாங்கிய இரண்டாம் வருடம் நீங்கள் பறப்பீர்களா, அல்லது பட்டறைக்குப் பணம் கட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பீர்களா என்பதை அந்தத் தண்டுதான் முடிவு செய்யும்.

அமெரிக்காவில் பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுத்து, வாடகை விமானத்துக்கு வரிசையில் நின்று அலுத்து, சொந்தமாக ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதுதான் விஷயம். வரிசை மாறினால் அதே பணத்துக்குப் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

172 முதன்முதலில் பறந்தது 1955-ல். இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கின்றன. வேறெந்த விமானமும் இவ்வளவு எண்ணிக்கையில் வந்ததில்லை. 1986-ல் தயாரிப்பை நிறுத்தி, 1996-ல் மறுபடி தொடங்கினார்கள். நடுத்தர வருமானக்காரரின் கைக்கு எட்டுவது பெரும்பாலும் 1986-க்கு முந்தையவைதான். அவற்றில் 1973 முதல் 1976 வரை வந்த 172-எம், லைகமிங் நிறுவனத்தின் ஓ-320-இ2டி இன்ஜினுடன் 150 குதிரைத்திறன். 1977 முதல் 1980 வரை வந்த 172-என், ஓ-320-எச்2ஏடி, 160 குதிரைத்திறன். 1981 முதல் 1986 வரை வந்த 172-பி, ஓ-320-டி2ஜே, அதுவும் 160. மூன்றும் நாலு சிலிண்டர், காற்றால் குளிரும் வகை. நடுவில் உள்ள எச்2ஏடி மட்டும் கொஞ்சம் தனி ஜாதி. அதன் காம்ஷாஃப்டும், அந்தத் தண்டின் மேடுகள் தள்ளும் லிஃப்டர்களும் தேய்வதில் பேர் போனவை. லைகமிங்கின் எல்டபிள்யூ-16702 என்ற ஆயில் சேர்மானத்தை ஊற்றியே தீரவேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் கட்டாய ஆணையே இருக்கிறது. போதாததற்கு பிளக்குகளுக்கு மின்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களும் ஒரே உறைக்குள், ஒரே பல்சக்கரத்தில் ஓடும். நன்றாகப் பராமரித்த எச்2ஏடி நன்றாகவே உழைக்கும். ஆனாலும் ஒரே விலையில் எம்-மும் என்-னும் நின்றால் நான் எம் பக்கம்தான் போவேன்.

லைகமிங் இன்ஜினில் காம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே படுத்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போது சிதறும் ஆயில்தான் அதை நனைக்கிறது. நிறுத்தியபின் நாள் போகப் போக அந்த ஆயில் வழிந்து கீழே இறங்கிவிடும். எரிபொருள் எரிந்தபோது உண்டான நீராவி உள்ளே தங்கி, குளிர்ந்து, காம் மேடுகளின்மேல் பனித்துளிபோல் படியும். பிறகு துரு. அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது துருப்பிடித்த இடம் பொடிப்பொடியாக உதிர்ந்து, லிஃப்டரின் முகத்தைச் சுரண்டும். சுரண்டப்பட்ட லிஃப்டர் காமை இன்னும் வேகமாகத் தின்னும். சிலிண்டர் சுவர்களும் எஃகுதான், அவையும் துருவேறும். இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்பது இந்த இன்ஜினுக்கு அப்படியே பொருந்தும்.

எனவே விளம்பரத்தில் முதலில் தேடவேண்டியது மொத்த மணிநேரம் அல்ல, கடைசி இரண்டு மூன்று வருடங்களில் வருடத்துக்கு எத்தனை மணிநேரம் பறந்தது என்பதே. ஓவர்ஹால் (இன்ஜினை முழுக்கப் பிரித்துப் புதுப்பிப்பது) ஆகி 1,400 மணிநேரம் ஓடி, வருடம் நூறு மணிநேரம் பறந்துகொண்டிருக்கும் இன்ஜின், 18 வருடத்துக்கு முன் ஓவர்ஹால் ஆகி 300 மணிநேரம் மட்டுமே ஓடிய இன்ஜினைவிடப் பாதுகாப்பானது. லைகமிங் இந்த இன்ஜின்களுக்குச் சொல்லும் ஓவர்ஹால் எல்லை 2,000 மணிநேரம் அல்லது 12 வருடம், எது முந்தியோ அது. சொந்தப் பயன்பாட்டில் பறப்பவருக்கு அது சட்டம் இல்லை, பரிந்துரை. ஆனால் 18 வருட இன்ஜினுக்கு 'குறைந்த மணிநேரம்' என்று விலை ஏற்றிக் கேட்டால் கொடுக்காதீர்கள். 'ஜீரோ டைம்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். புது லாக்புக்குடன் பூஜ்யத்திலிருந்து கணக்கைத் தொடங்கும் உரிமை, தயாரிப்பாளருக்கோ அவர் அங்கீகரித்த அமைப்புக்கோ மட்டும்தான் உண்டு. ஊர்ப் பட்டறையில் எவ்வளவு நேர்த்தியாக ஓவர்ஹால் செய்தாலும் பழைய மணிநேரம் தொடரும்.

வாங்குமுன் பரிசோதனையை விற்பவரின் மெக்கானிக்கிடம் விடக்கூடாது. அந்த விமானத்தை முன்பின் பார்த்திராத ஒருவர் செய்யவேண்டும். கம்ப்ரெஷன் சோதனையில் 80 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தி எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். 60-க்குக் கீழ் போனாலோ, சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 வரை வித்தியாசம் இருந்தாலோ லைகமிங் மேற்கொண்டு ஆராயச் சொல்கிறது. எண்ணைவிட முக்கியம், கசிவு எங்கே கேட்கிறது என்பது. புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்பரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் குழாயில் சீறினால் பிஸ்டன் ரிங். ரிங் கசிவு ஒரு மணிநேரம் பறந்து சூடானபின் சரியாகிவிடக்கூடும். வால்வு கசிவு தானாகச் சரியாகாது. சிறு கேமராக் குழாயான போரோஸ்கோப்பை உள்ளே விட்டு எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவிலிருந்து ஓரம்வரை வட்டம் வட்டமாக ஒரே சீராக நிறம் படிந்திருந்தால் நல்லது. ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிறைபோல நிறம் மாறியிருந்தால் அங்கே வால்வு எரியத் தொடங்கிவிட்டது.

ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பார்ப்பதும் பரிசோதனையில் சேர்த்தி. மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, காந்தத்தை ஓட்டவேண்டும். காந்தத்தில் ஒட்டும் செதில்கள் என்றால் காம், லிஃப்டர் மீது சந்தேகம். ஒட்டாத அலுமினியத் துகள் என்றால் பிஸ்டன் பின்னின் இரு முனைகளிலும் உள்ள மூடிகள் தேய்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

உடலில் பார்க்கவேண்டியதில் முதல் இடம், இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வாலுக்கு. மூக்குச் சக்கரத்தில் தொப்பென்று இறங்கிய 172-க்கு ஃபயர்வால் தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கும். கீழே குனிந்து டார்ச் அடித்தால் தெரியும். அடுத்தது உட்பக்கத் துரு. அந்தக் காலத்து 172-களில் தகடுகளின் உட்புறத்துக்குப் பொதுவாகப் பிரைமர் அடிக்கவில்லை. கடற்கரை ஊர்களில் வெளியில் நின்ற விமானம் என்றால் தரைப்பலகைகளைத் தூக்கிப் பார்க்கவேண்டும், இறக்கையின் அடிப்புற மூடிகளையும் வாலின் உட்புறத்தையும் திறந்து பார்க்கவேண்டும். எலி கூடு கட்டியிருந்தால் அதன் சிறுநீர் அலுமினியத்தை அரித்துத் தூளாக்கிவிடும். ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ பதிவகத்திலிருந்து அந்த விமானத்தின் முழுக் கோப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய பழுதுகளும் மாற்றங்களும் 337 படிவமாக அதில் இருக்கும். லாக்புக்கில் இல்லாத இறக்கை மாற்றம் ஒன்று அந்தக் கோப்பில் தென்படக்கூடும். கடன் நிலுவை எதுவும் அதன் பேரில் இல்லை என்ற சான்றும் வாங்கவேண்டும்.

நம்மவர்களில் பலருக்கு இடறும் இடம் பதிவு. அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ தன் பேரில் விமானத்தைப் பதிவு செய்யலாம். எச்-1பி விசாவில் இருப்பவர் முடியாது; அதற்கென உள்ள டிரஸ்ட் ஏற்பாடு வழியாகத்தான் போகவேண்டும், அதற்கு வருடாந்திரக் கட்டணம் உண்டு. நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் இன்னும் கவனம். விண்ணப்பத்தில் 'கூட்டு உரிமையாளர்கள்' என்று போட்டால் ஒவ்வொருவரும் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்கவேண்டும். 'பார்ட்னர்ஷிப்' என்று போட்டால் எல்லோரும் குடிமக்களாகவே இருக்கவேண்டும், கிரீன் கார்டு செல்லாது. விண்ணப்பத்தின் ஒரு கட்டத்தைத் தவறாகக் குறித்தால் பதிவே செல்லாது போகும், பதிவு செல்லாவிட்டால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். இப்போது ஒருமுறை பதிந்தால் ஏழு வருடத்துக்கு நிற்கும்.

சேர்ந்து வாங்குவதை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். பணம் பங்கிடப்படுவது ஒரு நன்மை. அதைவிடப் பெரியது, மூன்று பேர் பறந்தால் காம்ஷாஃப்ட் வாரா வாரம் ஆயிலில் நனையும். ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை, காப்பீடு, வருடாந்திரப் பரிசோதனை ஆகியவற்றை மாதாமாதம் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆயில் மாற்றம், ஓவர்ஹால் சேமிப்பு போன்றவற்றை மணிநேரக் கணக்கில் வசூலியுங்கள். யாராவது விலக நினைத்தால் பங்கின் விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதை முதல் நாளே எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். நட்பு கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு பத்தி எழுதப்படாததால்தான்.

இனி பராமரிப்பு. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருடாந்திரப் பரிசோதனை, அதற்கான தனி அங்கீகாரம் பெற்ற மெக்கானிக் கையெழுத்திடவேண்டும். ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டருக்குச் சோதனை 24 மாதத்துக்கு ஒருமுறை. விபத்து அபாய ஒலிபரப்பி எனப்படும் இஎல்டிக்கு 12 மாதம். கருவிகளை மட்டும் நம்பி மேகத்துக்குள் பறப்பவருக்கு ஆல்டிமீட்டர் சோதனையும் 24 மாதத்துக்கு ஒருமுறை. வருடாந்திரப் பரிசோதனையில் பார்ப்பதற்கான கட்டணம் வேறு, கண்டுபிடித்ததைச் சரிசெய்யும் கட்டணம் வேறு. ஒப்புக்கொள்ளும்போதே இந்த இரண்டையும் பிரித்துப் பேசுங்கள். மூடிகளைத் திறப்பது, இருக்கைகளைக் கழற்றுவது, சுத்தம் செய்வது போன்றவற்றை மெக்கானிக்கின் மேற்பார்வையில் நீங்களே செய்யலாம். அதில் கூலி மிச்சமாவதோடு, உங்கள் விமானத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரியவரும்.

ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது, டயர், பேட்டரி, விளக்கு மாற்றுவது, மூக்குச் சக்கர ஸ்ட்ரட்டில் காற்றும் ஆயிலும் நிரப்புவது ஆகியவை பிரைவேட் பைலட் லைசென்ஸ் உள்ள உரிமையாளர் தானே செய்து கையெழுத்திடக்கூடிய வேலைகள். என்ன செய்தீர்கள், தேதி, கையெழுத்து, லைசென்ஸ் எண், எந்த வகை லைசென்ஸ் ஆகியவை லாக்புக்கில் இருக்கவேண்டும். எழுதாத வேலை செய்யாத வேலைதான்.

ஆயில் மாற்றம்: ஸ்பின்-ஆன் ஃபில்டர் இருந்தால் 50 மணிநேரம், வெறும் கம்பி வலை மட்டும் இருந்தால் 25 மணிநேரம். எதுவானாலும் நாலு மாதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது லைகமிங். குறைவாகப் பறப்பவர்கள் மறந்துவிடுவது இந்த நாலு மாதத்தைத்தான். பறந்து வந்த சூட்டிலேயே வடிகட்டுங்கள், அழுக்கு மிதந்தபடியே வெளியேறிவிடும். ஆயில் தொட்டியான சம்ப்பில் இருக்கும் உறிஞ்சு வலையையும் கழற்றிப் பாருங்கள். பெரிய துண்டுகள் முதலில் அங்கேதான் மாட்டும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் டிசி-4 என்ற சிலிக்கான் பசையைத் தடவி, 16 முதல் 18 அடி-பவுண்ட் முறுக்கு கொடுத்து, 0.032 அங்குலக் கம்பியால் பூட்டுங்கள். கம்பி, ஃபில்டரை இறுக்கும் திசையில் இழுக்கவேண்டும். திசை தப்பினால் அந்தக் கம்பி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். 172-எம்மின் இ2டி இன்ஜினின் சம்ப்பில் 8 குவார்ட் (ஒரு குவார்ட் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) பிடிக்கும். ஆனால் 8 ஊற்றினால் மேலே உள்ள ஒன்று ஒன்றரை குவார்ட் மூச்சுக்குழாய் வழியாக வெளியேறி, வயிற்றுத் தகட்டில் பூசிக்கொள்ளும். 7 வைத்துக்கொண்டு, 6-க்குக் கீழ் போகுமுன் சேர்ப்பதே போதும். ஸ்டார்ட் செய்த 30 வினாடிக்குள் ஆயில் அழுத்தம் ஏறவேண்டும். நிறுத்திவிட்டு ஃபில்டரைச் சுற்றிக் கையால் தடவிக் கசிவு பாருங்கள், பிறகு இன்ஜின் மூடியான கவ்லிங்கை மூடுங்கள்.

ஸ்பார்க் பிளக்குகள் மொத்தம் எட்டு. 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலில் ஈயம் இருப்பதால், கீழ்வரிசைப் பிளக்குகளில் சாம்பல்நிற மணிகள் போல ஈயம் உருண்டு நிற்கும். கூர்முனைக் கருவியால் மெல்லக் கிளறி எடுத்துவிட்டு, இடைவெளியை 0.016 முதல் 0.021 அங்குலத்துக்குள் வையுங்கள். ஓரத்து மின்முனையை நெருக்கும்போது இடையில் அளவுத் தகட்டை வைத்திருக்காதீர்கள்; நடு மின்முனை அழுந்திப் பீங்கான் விரிசல் விடும். ஓம் மீட்டரால் உள்தடையை அளந்து 5,000 ஓமுக்கு மேல் காட்டினால் தூக்கிப்போடுங்கள். கைதவறித் தரையில் விழுந்த பிளக்கும் அப்படியே, வெளியில் எந்தக் காயமும் தெரியாவிட்டாலும். புதுச் செம்பு வளையம், முதல் மரையை விட்டு இரண்டாம் மரையிலிருந்து பிடிமானப் பசை, 35 அடி-பவுண்ட் முறுக்கு. மேலிருந்தவற்றைக் கீழும் கீழிருந்தவற்றை மேலும் மாற்றிப் போட்டால் தேய்மானம் சமப்படும்.

ஈயச் சிக்கலைப் பெருமளவு குறைக்க ஒரு காசும் செலவில்லாத வழி உண்டு. ஸ்டார்ட் ஆனதும் காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவைக் குறைக்கும் மிக்சர் குமிழை நன்றாக இழுத்து, இன்ஜின் தடுமாறும் இடத்துக்குச் சற்று முன் வையுங்கள். அரைகுறையாக இழுக்கக்கூடாது. த்ராட்டிலை ஏற்றினால் இன்ஜின் இருமவேண்டும், அந்த அளவுக்கு. அப்போது மறதியாக அதே நிலையில் டேக்-ஆஃப் செய்யவும் முடியாது.

குளிர்ந்த காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில வினாடி மட்டும் நொண்டி, பிறகு சீராகும் இன்ஜின் இருந்தால் விட்டுவிடாதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு, அதன் வழிகாட்டிக் குழலில் கரி படிந்து ஒட்டுகிறது என்று பொருள். இன்று சில வினாடியில் விடுபடுவது, இன்னொரு நாள் பறக்கும்போது மாட்டிக்கொண்டு வால்வைத் தள்ளும் புஷ்ராட் கம்பியை வளைக்கும். லைகமிங்கின் 388 எண் அறிக்கை 400 மணிநேரத்துக்கு ஒருமுறை வால்வுத் தண்டுக்கும் குழலுக்கும் இடையிலான ஆட்டத்தை அளக்கச் சொல்கிறது. கரியைச் சுரண்டி எடுக்க சிலிண்டரை இறக்கவேண்டியதில்லை, இருந்த இடத்திலேயே செய்யலாம்.

இப்போது மேம்பாடுகள். திரைக்கு ஆசைப்படுமுன் நாலு இடத்தில் பணம் போடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலாவது இருக்கைத் தண்டவாளம். தண்டவாளத்தில் உள்ள துளைகள் தேய்ந்துபோனால் பூட்டு ஊசி நழுவும். டேக்-ஆஃபில் மூக்கு உயரும்போது இருக்கை பின்னால் ஓடும். பைலட் பிடிமானத்துக்காக, விமானத்தைத் திருப்பும் பிடியான யோக்கைப் பிடித்துக்கொண்டே பின்னால் போவார், மூக்கு இன்னும் உயரும், இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் ஸ்டால் ஆகும். இப்படி உயிர்கள் போனதால்தான் 2011-10-09 என்ற எஃப்ஏஏ ஆணை இதை வழக்கமாகப் பரிசோதிக்கச் சொல்கிறது. ஆணையோடு நிற்காமல், இருக்கை ஓடாமல் தடுக்கும் இரண்டாவது தடுப்பையும் மாட்டிவிடுங்கள். இரண்டாவது தோள்பட்டை பெல்ட். 1978 ஜூலை 18-க்குப் பின் தயாரான சிறு விமானங்களுக்குத்தான் முன் இருக்கைத் தோள்பட்டை பெல்ட் கட்டாயம். அதற்கு முந்தைய எம் மாடலில் இருப்பது ஆட அசைய விடாத பழைய வகையாக இருக்கலாம். அசைந்தால் நீளும், இழுபட்டால் பூட்டிக்கொள்ளும் ரீல் வகைக்கு மாறுங்கள். எரிபொருள் குமிழை எட்ட முடியாமல் பெல்ட்டைக் கழற்றிப் போடும் பழக்கம் அதோடு போய்விடும். மூன்றாவது கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி. 172-ல் கேபின் சூடாக்கி, சைலன்சரைச் சுற்றிய உறையிலிருந்துதான் காற்றை எடுக்கிறது. சைலன்சரில் விரிசல் விழுந்தால் நச்சுப்புகை நேராக முகத்துக்கு வரும். நிறம் மாறும் அட்டையை நம்பவேண்டாம், சத்தம் போடும் மின்னணுக் கருவி வாங்குங்கள். வருடாந்திரப் பரிசோதனையில் உறையைக் கழற்றி, காற்றழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாலாவது இன்ஜின் மானிட்டர். என் கணிப்பில் போட்ட பணத்தை அதிகம் திருப்பித் தருவது இதுதான். நாலு சிலிண்டர் தலைகளின் வெப்பத்தையும் நாலு புகைக்குழாய்களின் வெப்பத்தையும் தனித்தனியே காட்டிப் பதிந்தும் வைக்கும். சிலிண்டர் தலைக்கு லைகமிங் சொல்லும் உச்ச எல்லை 500 டிகிரி பாரன்ஹீட். நீண்ட ஆயுள் வேண்டுமானால் 400-ஐத் தாண்ட விடாதீர்கள். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் சூடாக ஓடினால் பெரும்பாலும் குற்றவாளி இன்ஜினைச் சுற்றியுள்ள ரப்பர் தடுப்புகள். அவை மடிந்தோ கிழிந்தோ காற்றை வழிதவறவிடும். சில டாலர் ரப்பரில் முடியும் வேலைக்கு மானிட்டர் இல்லாமல் சிலிண்டரையே இழப்பவர்கள் உண்டு. ஒரு மேக்னெட்டோவில் மட்டும் ஓட்டிப் பார்க்கும்போது நாலு புகைக்குழாய் வெப்பமும் ஏறவேண்டும். ஒன்று மட்டும் விழுந்தால் அந்தச் சிலிண்டரின் குறிப்பிட்ட பிளக் செத்துவிட்டது. எட்டையும் கழற்றித் தேடவேண்டியதில்லை.

இவை முடிந்தபின் பேனல். 2020 ஜனவரி 1 முதல் பெருநகர விமான நிலையங்களைச் சுற்றிய வான்பகுதிகளிலும் 10,000 அடிக்கு மேலும், விமானத்தின் இருப்பிடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அவுட் கருவி கட்டாயம். வாங்கும் விமானத்தில் இல்லாவிட்டால், இறக்கை நுனி விளக்கின் இடத்தில் மாட்டும் ஸ்கைபீக்கன் வகை எளிது. ஆனால் அது 978 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்குள், 18,000 அடிக்குக் கீழ்தான் செல்லும். கனடா போகும் எண்ணம் இருந்தால் 1090 மெகாஹெர்ட்ஸ் வகையைத்தான் பார்க்கவேண்டும். மாட்டியபின் ஒருமுறை பறந்துவிட்டு, எஃப்ஏஏ தரும் இலவச ஏடிஎஸ்-பி அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சரியாக ஒலிபரப்பாததை அது காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, வேக்கம் பம்ப். செயற்கை அடிவானத்தையும் திசைகாட்டும் ஜைரோவையும் சுழற்றும் இந்த உலர் பம்பின் கார்பன் தகடுகள், முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். மேகத்துக்குள் இருக்கும்போது அடிவானம் மெல்லச் சாய்ந்தால் கண் ஏமாந்துவிடும். கார்மின் ஜி5 என்ற மின்னணுத் திரைக் கருவி இரண்டு மாட்டினால் பம்பையே கழற்றி எறியலாம். விமானத்தின் மின்சாரம் போனாலும் உள் பேட்டரியில் ஓடும். ஒன்று மட்டும் மாட்டி மற்றொரு கருவிக்காகப் பம்பை வைத்துக்கொள்வது அரைக்கிணறு தாண்டிய கதை. பேனலைத் திறக்கும்போதே, செத்துப்போன பழைய ரேடியோ திசைகாட்டியான ஏடிஎஃப் கருவியையும் அதன் ஆன்டெனாவையும், எங்கும் போய்ச் சேராத பழைய ஒயர்களையும் எடுக்கச் சொல்லி மதிப்பீட்டில் தனிவரியாக எழுதி வாங்குங்கள். எஸ்டிசி எனப்படும் துணை அனுமதிக்கான 337 படிவமும் புதிய எடைக் கணக்கும் கையில் வந்தபின் மீதிப் பணம் கொடுங்கள். 172-எம் 14 வோல்ட், 1978 முதல் வந்த என் 28 வோல்ட். பாகம் வாங்குமுன் இதைப் பார்க்காமல் தவறானதை வாங்குவது சர்வசாதாரணம். தரையிறங்கும் விளக்குக்கான பழைய 4509 பல்பின் கணக்கிட்ட ஆயுள் 25 மணிநேரம்தான். எல்இடிக்கு மாறினால் அந்தத் தொல்லை போகும்.

180 குதிரைத்திறன் ஓ-360 மாற்றம் எல்லோரும் கனவு காண்பது. எப்படியும் ஓவர்ஹாலுக்கு வந்துவிட்ட இன்ஜினுக்குப் பதிலாக என்றால் கணக்குச் சரிப்படும். நன்றாக ஓடும் 150-ஐக் கழற்றிப் போடுவது வீண். வேகம் சில நாட் மட்டுமே கூடும். ஏற்றமும் சுமையும்தான் அதன் வரவு, உயரமான மேற்கு மாநிலங்களில் இருப்பவர்களுக்கு அது பெரிய வரவு.

சுமைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 172-எம் உச்ச எடை 2,300 பவுண்ட். காலி எடை 1,430 என்று வைத்தால் 870 மிஞ்சும். பயன்படும் பெட்ரோல் 38 கேலன், கேலனுக்கு 6 பவுண்ட் வீதம் 228. மீதி 642. 170 பவுண்ட் உள்ள நாலு பேர் 680. முழு டேங்க்குடன் நாலு பெரியவர்கள் கிடையாது, பை ஒன்றுகூட வைக்காமலே. டென்வர் பக்கத்தில் உள்ள சென்டெனியல் விமான நிலையம் 5,885 அடி உயரத்தில் இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸ் வெயிலில் காற்று மெலிந்து, அங்கே விமானம் உணரும் உயரம் சுமார் 9,000 அடி. மிக்சரை முழுக்கத் தள்ளி டேக்-ஆஃப் செய்தால் இருக்கும் சக்தியும் போகும். ஓடுபாதை முனையில் முழு த்ராட்டில் கொடுத்து, ஆர்பிஎம் உச்சம் தொடும்வரை மிக்சரை இழுத்துவிட்டுப் புறப்படவேண்டும்.

வாரத்துக்கு ஒரு மணிநேரம் பறந்தால் இன்ஜின் உங்களுக்கு நன்றாக உழைக்கும். ஆயில் 180 டிகிரி பாரன்ஹீட் தொட்டு, அங்கேயே அரைமணிநேரமாவது நிற்கவேண்டும். அப்போதுதான் உள்ளே தங்கிய நீர் ஆவியாகி வெளியேறும். ஹேங்கர் வாசலில் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது நீரைச் சேர்க்கும் வேலை, பறக்காமல் விடுவதைவிட மோசம். புறப்படுமுன் இடது இறக்கைக்கடியில் உள்ள, பெட்ரோல் டேங்க்கின் காற்றுத் துளையில் குளவி மண் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 172-ல் பெட்ரோல் தானாக இறங்குகிறது, துளை அடைத்தால் இறங்காது. எரிபொருள் முள்ளை நம்பாமல் அளவுக்குச்சி விட்டுப் பாருங்கள். கார்பரேட்டர் பனி, வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருக்கும் ஈரமான நாளிலும் வரும். முதல் அறிகுறி ஆர்பிஎம் மெல்ல இறங்குவது. கார்பரேட்டரைச் சூடாக்கும் குமிழை முழுதாக இழுங்கள், பாதி கூடாது. உருகிய பனி உள்ளே போகும்போது இன்ஜின் இன்னும் மோசமாக உதறும். பயந்து குமிழைத் திருப்பித் தள்ளிவிடாமல் பொறுத்திருங்கள்.

இறங்கி வந்தபின், இழுவைக் கம்பியை மூக்குச் சக்கரத்தில் மாட்டினால் கை அதை விடக்கூடாது. கை விடுகிறது என்றால் கம்பியும் கழன்று வரவேண்டும். மாட்டிய கம்பியோடு ஸ்டார்ட் செய்தால் ப்ரொப்பெல்லர் அடிபட்டு, இன்ஜினையே பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கும். வால் இறக்கையை அழுத்தியோ ப்ரொப்பெல்லரின் நடுக் கூம்பான ஸ்பின்னரைத் தள்ளியோ திருப்பாதீர்கள். ஹேங்கர் கதவருகே ஒரு நோட்டு வைத்து, தேதி, மணிநேரம், சேர்த்த ஆயில் ஆகிய மூன்றை மட்டும் எழுதிவாருங்கள். பத்து மணிநேரத்துக்கு ஒரு குவார்ட் குடித்துக்கொண்டிருந்த இன்ஜின் திடீரென்று நாலு மணிநேரத்துக்கு ஒன்று கேட்டால், அடுத்த முறை பறக்குமுன் கவ்லிங்கைத் திறந்து, ஃபில்டரை வெட்டி, போரோஸ்கோப் விட்டுப் பார்த்துவிடுங்கள்.